செடிப் பட்டியலுக்கு முன்னால் தரையின் வாட்டம் (சரிவு) பாருங்கள்: தெருவில் மழைத்தோட்டம் அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழைத்தோட்டம் என்பது தெருவில் ஓடும் மழைத்தண்ணீரை நிறுத்தி மண்ணில் இறங்கவிடும் தாழ்வான செடிப் பாத்தி. ஆனால் தெருவைப் பசுமையாக்கலாம் என்று பேச்சு எடுத்தாலே முதலில் வருவது செடிப் பட்டியல்தான். எந்தப் பூ, எந்த மரம், பெஞ்சு எங்கே என்பதிலேயே வரைபடம் நிறைந்துவிடும். மழைத்தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும், எங்கே போய் நிற்கும் என்பது கடைசியில்தான் நினைவுக்கு வரும். நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இப்படி வரிசை மாறியதால் வந்தவை.

முதலில் தண்ணீரைக் கணக்கிடுங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 100 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள தெருவில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 12,000 லிட்டர். மொட்டைமாடித் தண்ணீர் தனி. அதை 15 சென்டிமீட்டர் ஆழமுள்ள பாத்திகளில் நிறுத்த 80 சதுர மீட்டர் இடம் வேண்டும். பெய்யும்போதே கொஞ்சம் மண்ணில் இறங்கும் என்றாலும், நாலு பூந்தொட்டியும் இரண்டு மரக்குழியும் இதற்குப் போதாது.

அடுத்தது, எங்கு பார்த்தாலும் கண்ணில் படும் தவறு: மேட்டுப் பாத்தி. சாலையைவிட உயரமாக மண்ணைக் கொட்டி, சுற்றிலும் கல் வைத்துக் கட்டிவிடுகிறார்கள். பார்க்க அழகுதான், ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே ஏறாது. பாத்தி சாலையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். ஓரக்கல்லில் ஒன்றரை அடி அகலத்துக்காவது வாய் திறந்துவிட வேண்டும். அந்த வாயைத் தாண்டியதும் மண் மட்டம் இரண்டு அங்குலமாவது கீழே இறங்கட்டும். இல்லையென்றால் முதல் மழையில் அடித்து வரும் சருகும் வண்டலும் வாயிலேயே அணை கட்டிவிடும். வாட்டத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். மழை கொட்டும்போது குடையோடு தெருவில் இறங்கி, ஓட்டம் போகும் வழியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அரைமணி நேரம் சொல்லித் தருவதை எந்த வரைபடமும் சொல்லாது.

மண்ணைச் சோதிக்காமல் தோண்டுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2001இல் ஒரு குடியிருப்புத் தெருவைப் புதிதாக அமைத்தார்கள். சாலையை 14 அடிக்கு ஒடுக்கி, வளைவுகளோடு போட்டு, இருபுறமும் தாழ்வான பசும்பாத்திகள் வைத்தார்கள். பிறகு அளந்தபோது, தெருவிலிருந்து வழிந்தோடும் மழைநீர் ஏறத்தாழ 99 சதவீதம் குறைந்திருந்தது. அதே நகரம், அந்த அனுபவத்தோடு, 2010இல் பல்லார்டு பகுதியில் மழைத்தோட்டங்கள் அமைத்தது. அங்கே பல பாத்திகளில் தண்ணீர் இறங்கவில்லை. மக்கள் கொதித்தார்கள். சிலவற்றை மூடவும் மாற்றவும் வேண்டிவந்தது. அனுபவம் இருந்தும் அடிமண் கைகொடுக்கவில்லை.

சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். பாத்தியின் அடி வரவேண்டிய ஆழத்தில் ஒரு குழி வெட்டி, தண்ணீர் ஊற்றி, முழுதும் ஊறவிடுங்கள். மறுபடி நிரப்பி, மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று அளவுகோலால் பாருங்கள். மணிக்கு 6 மில்லிமீட்டர் இறங்கினால் 15 சென்டிமீட்டர் தண்ணீர் சுமார் ஒரு நாளில் வடியும். 2 மில்லிமீட்டர்தான் என்றால் மூன்று நாளுக்கு மேல் நிற்கும். வெப்பமான இடங்களில் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவம் வரை வளர ஒரு வாரம் அளவே போதும், அதனால் இரண்டு நாளுக்குள் வடிவது நல்லது. களிமண்ணாக இருந்தால் திட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை. அடியில் ஜல்லி பரப்பி, துளையிட்ட குழாய் பதித்து வடிகாலோடு சேர்க்கலாம். சோதனையை மழைக்காலத்தில், ஒரே தெருவில் பல இடங்களில் செய்யுங்கள். சோதித்த இடத்தில் ஜேசிபியையும் லாரியையும் ஏறவிடாதீர்கள். சக்கரம் அழுத்தி இறுகிய மண்ணில் உங்கள் அளவு செல்லாது.

பாத்தி நிரம்பினால் தண்ணீர் எங்கே போகும் என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். 2011 ஜூலை 2 அன்று கோபன்ஹேகனில் சில மணி நேரத்தில் 100 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டியது. அதன் பிறகு அந்த நகரம், சில தெருக்களே பெருமழையின்போது கால்வாயாக மாறித் தண்ணீரைப் பூங்காவுக்குக் கொண்டுசெல்லும்படி திட்டமிட்டது. உங்கள் பாத்திக்கும் ஒரு வழிந்தோடி தேவை. அதன் வாய் வீட்டு வாசற்படியைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். வீட்டு அஸ்திவாரத்திலிருந்து பாத்தியை 3 மீட்டராவது தள்ளி வையுங்கள்.

செடி விஷயத்தில் ஒன்றுதான். நீர்ச்செடிகள் வேண்டாம், ஏனென்றால் பாத்தி பெரும்பாலான நாட்கள் காய்ந்துதான் கிடக்கும். இரண்டு நாள் முங்கினாலும் இரண்டு வாரம் காய்ந்தாலும் தாங்கும், ஆழமாக வேர்விடும் உள்ளூர்ப் புற்களும் புதர்களும் போதும். நடைபாதைக்கு நீர் உறிஞ்சும் கற்களைப் பதித்தால், அவற்றின் இடுக்கில் சிமெண்ட் பூசுவதும், பக்கத்து மண் அவற்றின்மேல் கரைந்து வரவிடுவதும் காசைக் கொட்டி அடைப்பதற்குச் சமம்.

இத்தனையும் சரியாகச் செய்த தெருக்கள்கூட மூன்றாம் ஆண்டில் மேடாகிப்போவதைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. வண்டலை யாரும் அள்ளவில்லை. பள்ளம் எதற்கு என்று தெரியாதவர்கள் மண் போட்டு நிரவிவிட்டார்கள். மண்வெட்டியை எடுப்பதற்கு முன்பே, ஒவ்வொரு பாத்தியின் வாயையும் மழைக்காலத்துக்கு முன் யார் சுத்தம் செய்வார் என்று பெயர் எழுதிக்கொள்ளுங்கள். பாத்தி ஓரத்தில் ஒரு சிறு பலகையும் வையுங்கள்: "இந்தப் பள்ளம் மழைநீருக்காக. நிரப்பாதீர்கள்."