செசபீக் விரிகுடாவில் கோடைப் படகுப் பயணம்: இருவர் மட்டும் செல்வதற்கான வழிமுறை

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், செசபீக் விரிகுடாவின் இரு கரைகளிலும், ஏறத்தாழ முந்நூறு ஆண்டுப் பழமை கொண்ட சிறு துறைமுக ஊர்கள் ஒரு பகல் படகுப் பயணத் தொலைவில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. 1952இல் விரிகுடாப் பாலம் திறக்கப்படும் வரை கிழக்குக் கரை ஊர்களுக்குப் படகே முதன்மையான போக்குவரத்தாக இருந்ததால், அவற்றின் பழைய வீடுகளும் கிடங்குகளும் தெருக்களும் இன்றும் நீரை நோக்கியே நிற்கின்றன. காரில் வருபவர் கொல்லைப்புறமாக நுழைகிறார். படகில் வருபவரே தலைவாசல் வழியாக வருகிறார். கணவனும் மனைவியும் மட்டுமாக ஒரு கோடையை இங்கே கழிக்க விரும்பினால், குறைந்த தூரம் ஓடி நீண்ட நேரம் தங்குவதே சரியான திட்டம் என்பது என் கருத்து.

விரிகுடா 300 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டிருந்தாலும் அதன் சராசரி ஆழம் 21 அடிதான். எனவே, படகைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் வசதிகளைவிட, அது நீருக்குள் எவ்வளவு இறங்கும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். 5 அடிக்கு மேல் இறங்காத படகானால் பெரும்பாலான ஓடைகளுக்குள் தயக்கமின்றி நுழையலாம். இருவர் கையாள்வதற்கு 30 முதல் 35 அடி நீளமே போதுமானது. அதைவிடப் பெரிய படகைக் காற்றடிக்கும் நேரத்தில் துறையில் கட்டுவதற்கு மூன்றாவது ஆள் தேவைப்படும். 1972 ஜூலை 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள் மேரிலாந்து நீர்நிலைகளில் மோட்டார் பொருத்திய படகை ஓட்டுவதற்குப் படகுப் பாதுகாப்புக் கல்விச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். இருவரில் ஒருவர் பெற்றால் போதும் என்று நினைக்காமல், இருவரும் அதைப் பெற்றுவிடுவது நல்லது.

அதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான தம்பதியரிடையே ஒருவர் எப்போதும் சுக்கானைப் பிடிப்பதும் மற்றவர் எப்போதும் கயிற்றை வீசுவதும் பழக்கமாகிவிடுகிறது. சுக்கான் பிடிப்பவருக்குக் காய்ச்சலோ காயமோ ஏற்பட்டால் படகைக் கரை சேர்க்க ஆள் இருக்காது. ஆகவே, முதல் வாரத்திலிருந்தே ஒரு நாள் ஒருவர், மறுநாள் மற்றவர் என்று முறை மாற்றிக்கொள்ளுங்கள். நங்கூரமிடும்போது ஒருவர் முன்முனையிலும் மற்றவர் பின்புறத்திலும் நிற்பதால், எஞ்சின் ஓசையில் குரல் எட்டாது. முன்னே, பின்னே, நிறுத்து, போதும் என்பவற்றுக்குக் கைச் சைகைகளை முன்னதாகவே பேசி வைத்துக்கொண்டால், கூச்சலும் அதன் பின் வரும் மனத்தாங்கலும் மிச்சமாகும். படகுகள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் விஎச்எஃப் ரேடியோவில், அவசர அழைப்புக்கான 16ஆம் அலைவரிசையில் உதவி கேட்கும் முறையையும் இருவரும் வாய்விட்டுச் சொல்லிப் பழகியிருக்க வேண்டும்.

நாளின் திட்டத்தை வகுப்பது வானிலையே. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் காலையில் காற்று மெலிதாக இருக்கும். வெப்பமும் ஈரப்பதமும் ஏறிய பிறகு, பிற்பகலிலும் மாலையிலும் மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ இடியுடன் கூடிய சூறைக்காற்று திடீரென வீசும். ஆழம் குறைந்த நீர் என்பதால் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழுந்து படகை உலுக்கும். விடியற்காலையில் புறப்பட்டு மதியம் 1 மணிக்குள் அடுத்த ஊரை அடைந்துவிட வேண்டும் என்பதை மீறக்கூடாத விதியாகக் கொள்ளுங்கள். கோடையின் அந்தப் பிற்பகல்கள்தான் ஊரைச் சுற்றிப் பார்ப்பதற்கு உங்களுக்குக் கிடைக்கும் நேரமும் ஆகும்.

அனாபொலிஸிலிருந்து தொடங்கலாம். 1783 டிசம்பர் 23 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் தம் தளபதிப் பொறுப்பைத் துறந்ததும், 1784 ஜனவரியில் அமெரிக்க விடுதலைப் போரை முடித்துவைத்த பாரிஸ் உடன்படிக்கைக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டதும் இங்குள்ள மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தில்தான். துறையிலிருந்து நடந்தே போய்விடலாம். நங்கூரத்துக்குப் பதிலாக நகராட்சியின் மிதவை ஒன்றில் படகைக் கட்டிக்கொள்வது எளிது. வார இறுதியில் இடம் கிடைப்பது கடினம் என்பதால் வியாழக்கிழமைக்குள் சேர்ந்துவிடுங்கள்.

அங்கிருந்து செயின்ட் மைக்கேல்ஸ் ஏறத்தாழ 25 கடல் மைல். வழியெங்கும் நண்டுப் பொறிகளின் சிறு மிதவைகள் சிதறிக் கிடக்கும். அவற்றின் கயிறு புரொப்பெல்லரில் சிக்கினால் நீருக்குள் இறங்கித்தான் அறுக்க வேண்டியிருக்கும் என்பதால், இருவரில் ஒருவர் எப்போதும் முன்னே பார்த்துக்கொண்டிருப்பது நலம். 1813இல், பிரிட்டனுடன் நடந்த போரின்போது, ஊர்மக்கள் மரங்களில் விளக்குகளைத் தொங்கவிட்டுப் பிரிட்டிஷ் பீரங்கிகளின் குறியைத் தவறச் செய்தார்கள் என்ற கதையை இவ்வூரில் பலமுறை கேட்பீர்கள். வரலாற்றாசிரியர்கள் அதை ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள்; ஆனாலும் கேட்கச் சுவையான கதை. கடல்சார் அருங்காட்சியகத்தில், வேறிடத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட 1879ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கம் இருக்கிறது. அதற்கு ஒரு முழுப் பிற்பகலை ஒதுக்குங்கள். துறைமுகத்தின் உட்பகுதி மிகச் சிறியது. இடம் இல்லையென்றால் வெளியே மைல்ஸ் ஆற்றில் நங்கூரமிட்டு, டிங்கி என்ற சிறு துணைப்படகில் கரைக்கு வரலாம்.

நங்கூரமிடுவதற்கு ஒரு கணக்கு உண்டு. நீரின் ஆழத்தோடு, நீர்மட்டத்திலிருந்து படகின் முன்முனை வரையுள்ள உயரத்தைக் கூட்டி, அதைப்போல் 5 முதல் 7 மடங்கு கயிற்றை விட வேண்டும். ஆழம் 8 அடி, முனையின் உயரம் 4 அடி என்றால், 60 முதல் 84 அடி. ஏற்றவற்றம் இங்கே ஒன்றிரண்டு அடிதான் என்றாலும் உயர்நீர் அளவையே கணக்கில் கொள்ளுங்கள். கயிற்றை விட்டபின் எஞ்சினைப் பின்னோக்கி மெதுவாக இயக்கி, கரையிலுள்ள இரண்டு பொருள்களை ஒரே நேர்க்கோட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். கோடு விலகாவிட்டால் நங்கூரம் சேற்றில் ஊன்றிவிட்டது என்று பொருள். இங்குள்ள சேறு நன்றாகவே பிடிக்கும்.

அடுத்த ஊரான ஆக்ஸ்ஃபோர்டு தரைவழியில் மிக அருகில் இருந்தாலும், நீர்வழியில் டில்மன் தீவைச் சுற்றியோ, அத்தீவை ஒட்டிய நாப்ஸ் நேரோஸ் என்ற குறுகிய கால்வாய் வழியாகவோ போக வேண்டும். கால்வாயின் வாய்ப்பகுதிகளில் மணல் சேர்வதால், வரைபடத்தை மட்டும் நம்பாமல் ஆழமானியைப் பார்த்தபடி மெதுவாகச் செல்லுங்கள். ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து எதிர்க்கரையிலுள்ள பெல்லவ்யூவுக்கு 1683இல் தொடங்கிய படகுத்துறைச் சேவை இன்றும் கோடையில் நடைபெறுகிறது. ஒரு காலத்தில் புகையிலை ஏற்றுமதியால் செழித்த இவ்வூர், அமெரிக்க விடுதலைப் போருக்குப் பின் வணிகத்தை இழந்து அடங்கிப்போனது.

கடைசியாகச் செஸ்டர்டவுனுக்குப் போவதற்குக் கென்ட் தீவுக்கும் கிழக்குக் கரைக்கும் இடையிலுள்ள கென்ட் நேரோஸ் என்ற குறுகிய நீர்வழியைக் கடக்க வேண்டும். அங்குள்ள தூக்குப்பாலம் கோடைப் பகல்களில் அரை மணிக்கொரு முறைதான் திறக்கும். நீரோட்டமும் வேகமானது என்பதால், காத்திருக்கும்போது பாலத்தை நெருங்கிவிடாதீர்கள். நெடுஞ்சாலைப் பாலத்தின் உயரம் 65 அடி. பாய்மரம் அதைத் தாண்டுமானால் கென்ட் தீவின் வடமுனையான லவ் பாயின்ட்டைச் சுற்றிச் செல்வதே வழி. 1706இல் நிறுவப்பட்ட செஸ்டர்டவுனை அடைய ஆற்றுக்குள் வெகுதூரம் ஏற வேண்டியிருந்தாலும், அதற்கு ஒரு பயன் உண்டு. கோடையின் நடுவில் உப்பு மிகுந்த பகுதிகளில் கொட்டும் ஜெல்லி மீன்கள் பெருகி நீச்சலைக் கெடுத்துவிடும். ஆற்றின் மேற்பகுதியில் உப்பு குறைவாக இருப்பதால் அவை அவ்வளவாக வருவதில்லை. வெப்பம் உச்சத்தில் இருக்கும் ஜூலைக் கடைசி வாரத்துக்கு இவ்வூரை ஒதுக்கிவைத்தால், தினமும் படகின் பின்புறத்திலிருந்து நீரில் இறங்கலாம்.