கேற்வேக்குப் பின்னால் ஸ்பாம் வடிகட்டி: என் அனுபவம்
மட்டக்களப்பு கல்லடியில் நான் பராமரிக்கும் அலுவலக மின்னஞ்சல் சேர்வரில், அம்பாறையிலிருந்து வரும் விலைக்கோரல் கடிதங்கள்கூட ஸ்பாம் கோப்புறையில் விழத் தொடங்கியபோது, நான் முதலில் வடிகட்டியின் மதிப்பெண் வரம்பை (இதை எட்டும் கடிதம் ஸ்பாம் எனக் கணிக்கப்படும்) 5 இலிருந்து 8 ஆக உயர்த்தினேன். அது தவறான வைத்தியம், ஏனெனில் உண்மையான குப்பையும் கூடவே உள்ளே வந்தது. ஒரு கடிதத்தின் தலைப்பகுதியைத் திறந்து அது கடந்துவந்த சேர்வர்களைக் காட்டும் ‘ரிசீவ்ட்’ வரிகளைக் கீழிருந்து மேலாக வாசித்த பிறகே காரணம் தெரிந்தது: எல்லாக் கடிதங்களும் எங்கள் சேர்வருக்கு முன்னே நின்று வெளி அஞ்சலை வாங்கி உள்ளே அனுப்பும் கேற்வே வழியாக வருவதால், ஸ்பாம்அசாசின் என்ற வடிகட்டி மென்பொருள் கேற்வேயின் ஐபி முகவரியையே அனுப்பிய சேர்வராகக் கருதி, எஸ்பிஎஃப் சோதனையில் (அனுப்புநரின் டொமைன் பெயரில் அஞ்சல் அனுப்ப அந்தச் சேர்வருக்கு அனுமதி உண்டா என்று பார்ப்பது) தோல்வி காட்டியிருந்தது. அம்முகவரியை ஸ்பாம்அசாசினின் அமைப்புகள் உள்ள லோக்கல்.சிஎஃப் கோப்பில், நம்பகமான, உள் சேர்வர்களைக் குறிக்கும் ‘ட்ரஸ்டட்_நெட்வொர்க்ஸ்’, ‘இன்டர்னல்_நெட்வொர்க்ஸ்’ ஆகிய இரண்டிலும் சேர்த்து, ‘லின்ட்’ கட்டளையால் பிழை பார்த்து, சேவையை மீளத் தொடக்கினேன். வரம்பையும் மறுபடி 5 ஆக்கினேன். அன்று மாலை வந்த விலைக்கோரல் கடிதம் 0.3 மதிப்பெண்ணுடன் உள்பெட்டியில் இருந்தது.