ஐரோப்பாவில் மாணவர் பரிமாற்றம் ஒழுங்காக நடக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து செய்ய வேண்டியவை

பரிமாற்றத்துக்குப் போய் ஒரு செமஸ்டர் படித்துவிட்டு வந்த மாணவர், "அங்கே படித்த பாடங்கள் இங்கே கணக்கில் வருமா?" என்று வந்து நின்று கேட்கிறார் என்றால், அனுப்பிய பல்கலைக்கழகமும் சரி, வரவேற்ற பல்கலைக்கழகமும் சரி, தங்கள் வேலையை முடிக்கவில்லை என்று அர்த்தம். அந்தப் பதில் அவர் பெட்டி கட்டுவதற்கு முன்பே எழுத்தில் அவர் கையில் இருந்திருக்க வேண்டும். நான் பார்த்த வரையில் பரிமாற்றத்தில் வரும் மனக்கசப்புகளில் பெரும்பகுதி இந்த ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகிறது.

ஐரோப்பிய நாடுகளுக்கு இடையிலான மாணவர் பரிமாற்றத்துக்கான எராஸ்மஸ் திட்டம் 1987-இல் 11 நாடுகளோடும் மூவாயிரத்துச் சொச்சம் மாணவர்களோடும் தொடங்கியது. அதன் இன்றைய வடிவமான எராஸ்மஸ் பிளஸ்ஸுக்கு 2021 முதல் 2027 வரை ஒதுக்கியிருப்பது சுமார் 2,600 கோடி யூரோ. அதில் பள்ளி, தொழிற்கல்வி எல்லாம் அடக்கம்தான், இருந்தாலும் உயர்கல்விக்குப் போவது சின்னத் தொகை இல்லை. பணம் இருக்கிறது, விதிமுறைகள் இருக்கின்றன, படிப்பின் அளவைக் கணக்கிடும் பொதுவான கிரெடிட் முறையும் இருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் காரியம் சிக்கிக்கொள்வது துறைக்கும் துறைக்கும் நடுவில். அதனால் இதைத் துறை ஒருங்கிணைப்பாளர்கள், சர்வதேச அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள், மாணவர் பிரதிநிதிகள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒப்பந்தப் பட்டியலைத் தூசி தட்டுங்கள்

எராஸ்மஸில் மாணவர்களை அனுப்பவும் வரவேற்கவும் இரு பல்கலைக்கழகங்களுக்கும் இடையே ஒப்பந்தம் வேண்டும். எந்தத் துறை, எத்தனை பேர், எத்தனை மாதம், எந்த மொழி எந்த அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பல இடங்களில் இந்த ஒப்பந்தங்கள் நூற்றுக்கணக்கில் குவிந்து கிடக்கின்றன, பாதிக்கு மேல் யாரும் போவதும் இல்லை வருவதும் இல்லை. ஆண்டறிக்கையில் எண்ணிக்கை அழகாகத் தெரியும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு கூட்டாளிக்கும் எதிரே, கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் வந்தார்கள், போனவர்களில் எத்தனை பேருக்கு முழு கிரெடிட்டும் கிடைத்தது என்று எழுதிப் பாருங்கள். மூன்றாவது எண்ணிக்கைதான் முக்கியம். அது உங்கள் அலுவலகத்தில் இல்லவே இல்லை என்றால், வேறு எதையும் செய்வதற்கு முன் அதைச் சேகரியுங்கள். பிறகு, பாடங்கள் பொருந்தி வருகிற, மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுகிற ஏழெட்டுப் பல்கலைக்கழகங்களைத் தேர்ந்தெடுத்து அவற்றோடு மட்டும் ஆழமாக வேலை செய்யுங்கள். மற்றவற்றை முறித்துக்கொள்ள வேண்டியதில்லை, காலாவதியாகும்போது புதுப்பிக்காமல் விட்டால் போதும்.

மொழி அளவை உண்மையாக எழுதுங்கள். வகுப்பு முழுக்க உள்ளூர் மொழியில் நடக்கும், ஆனால் ஒப்பந்தத்தில் ஆங்கிலம் போதும் என்று போட்டிருக்கும். இப்படி ஏமாந்து வந்து சேரும் மாணவர் தன் துறைக்குச் சம்பந்தமே இல்லாத, ஆங்கிலத்தில் நடக்கிற ஏதோ இரண்டு பாடத்தில் உட்கார நேரிடும்.

கிரெடிட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்

ஐரோப்பியக் கிரெடிட் முறை 1989-இல் எராஸ்மஸுக்குள்ளேயே ஒரு சோதனை முயற்சியாக வந்தது. கணக்கு எளிது: முழு ஆண்டுக்கு 60 கிரெடிட், செமஸ்டருக்கு 30, ஒரு கிரெடிட் என்றால் மாணவருக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. எல்லா நாடும் ஒரே அளவுகோல் வைத்திருந்தும் ஏன் தகராறு வருகிறது? பாடத்துக்குப் பாடம் ஒப்பிடுவதால்தான்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். உங்கள் துறையில் ஒரு பாடத்துக்கு 6 கிரெடிட், ஸ்வீடனில் அதே மாதிரிப் பாடத்துக்கு 7.5. பேராசிரியர் இரண்டு பாடத்திட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நான்காவது அத்தியாயம் அங்கே இல்லை, ஆய்வகப் பயிற்சி இரண்டு வாரம் குறைவு என்று கோடு போட்டுக்கொண்டே போனால் எந்தப் பாடமும் தேறாது. 1997-இல் ஐரோப்பிய கவுன்சிலும் யுனெஸ்கோவும் சேர்ந்து கொண்டுவந்த லிஸ்பன் உடன்படிக்கை இந்த மனப்போக்கைத் தலைகீழாக்கியது: வெளிநாட்டில் படித்த காலத்தை அங்கீகரிப்பதுதான் வழக்கம், கணிசமான வேறுபாடு இருந்தால் மட்டுமே மறுக்கலாம், அந்த வேறுபாட்டை நிரூபிக்க வேண்டியது மறுப்பவரின் பொறுப்பு. மாணவர் தலையில் அந்தச் சுமையை ஏற்றக் கூடாது. இதை உங்கள் துறைக் கூட்டத்தில் ஒரு முறை வாய்விட்டுப் படித்துக்காட்டுங்கள், எத்தனை பேருக்கு இது புதிய செய்தியாக இருக்கிறது என்று பாருங்கள்.

நடைமுறையில் செய்ய வேண்டியது இதுதான். உங்கள் பட்டப்படிப்பில் ஒரு செமஸ்டரைப் பரிமாற்றத்துக்கென்று திறந்து வையுங்கள், அதாவது கட்டாயப் பாடங்களை முன்னும் பின்னும் நகர்த்திவிட்டு, அந்தச் செமஸ்டரில் விருப்பப் பாடங்களை மட்டும் விடுங்கள். பிறகு கூட்டாளித் துறையோடு உட்கார்ந்து, அங்கே மாணவர் எடுக்கக்கூடிய பாடங்களின் பட்டியல் ஒன்றைத் தயாரியுங்கள். அதிலிருந்து எந்த 30 கிரெடிட்டை எடுத்தாலும் இங்கே 30 கிரெடிட். மூட்டைக்கு மூட்டை கணக்கு, ஒவ்வொரு தானியமாக எண்ண வேண்டியதில்லை. கட்டாயப் பாடம் ஒன்றிரண்டு தவிர்க்க முடியாமல் இருந்தால், பாடத்தின் தலைப்பைப் பார்க்காமல், படித்து முடித்த மாணவருக்கு என்ன செய்யத் தெரியும் என்பதை ஒப்பிடுங்கள்.

இந்தப் பட்டியலை ஆண்டுக்கு ஒரு முறை இரு பக்கமும் சரிபார்க்க வேண்டும். அங்கே ஒரு பாடம் நின்றுபோனால் அது வரப்போகும் மாணவர்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். மாணவர் அங்கே எந்தப் பாடங்களைப் படிப்பார் என்று எழுதிவைக்கும் கற்றல் ஒப்பந்தத்தில் மாணவர், அனுப்பும் பல்கலைக்கழகம், வரவேற்கும் பல்கலைக்கழகம் என்று மூன்று பேர் கையெழுத்துப் போடுகிறார்கள். மாணவர் அங்கே போன பிறகு அது மூன்று முறை மாறுகிறதென்றால் பாடப்பட்டியல் காலத்தில் வெளியாகவில்லை என்றுதான் அர்த்தம், மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

மதிப்பெண் இன்னொரு தலைவலி. இத்தாலியில் 30-க்கு 18 எடுத்தால் தேர்ச்சி, பிரான்ஸில் 20-க்கு 10, ஜெர்மனியில் 1.0 உச்சம் 4.0 கடைசித் தேர்ச்சி, டென்மார்க்கில் மைனஸ் 3-இல் தொடங்கி 12 வரை. பிரான்ஸில் 20-க்கு 14 வாங்கினால் அது நல்ல மதிப்பெண். அதை 70 சதவீதம் என்று கால்குலேட்டரில் தட்டி மாற்றினால் நன்றாகப் படித்த மாணவர் சுமாராகப் படித்தவர் போலத் தெரிவார். இதற்கு வழி இருக்கிறது: கடந்த இரண்டு ஆண்டுகளிலாவது தேர்ச்சி பெற்றவர்களில் எத்தனை சதவீதம் பேர் எந்த மதிப்பெண் வாங்கினார்கள் என்ற அட்டவணையை இரு துறைகளும் பகிர்ந்துகொண்டு, அங்கே முதல் பத்து சதவீதத்தில் இருந்தவருக்கு இங்கே முதல் பத்து சதவீதத்துக்கான மதிப்பெண்ணைக் கொடுப்பது. கிரெடிட் முறைக்கான 2015-ஆம் ஆண்டு கையேடு சொல்வதும் இதைத்தான். கூடவே, தேர்வு முடிவு வெளியாகி ஐந்து வாரத்துக்குள் மதிப்பெண் சான்றிதழ் போய்ச் சேர வேண்டும் என்பது விதி. அதை அனுப்புவது யார் என்று அலுவலகத்தின் பெயரைப் போடாமல் ஓர் ஆளின் பெயரைப் போட்டு வையுங்கள்.

நாட்காட்டி மோதல்

இது பேசப்படாத விஷயம். ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் தொடங்குகிறது, வகுப்புகள் பிப்ரவரி வரை போகும், அதற்குப் பிறகுதான் தேர்வு. ஸ்வீடனில் வசந்த செமஸ்டர் ஜனவரி நடுவிலேயே தொடங்கிவிடும். ஆக, ஜெர்மன் மாணவர் ஒருவர் ஜனவரியில் ஸ்வீடன் போனால் ஜெர்மனியில் தேர்வு எழுத முடியாது. அவரை ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும் இலையுதிர் செமஸ்டருக்கு அனுப்பினால் இந்த மோதலே வராது. எதிர்த்திசையில், ஸ்வீடனிலிருந்து ஜெர்மனியின் கோடைக்கால செமஸ்டருக்கு வருபவருக்கு ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருக்கும், அந்த இடைவெளியில் மொழி வகுப்போ பயிற்சிப் பணியோ ஏற்பாடு செய்யலாம். எந்தத் திசைக்கு எந்தச் செமஸ்டர் பொருந்தும் என்று ஒரே பக்கத்தில் எழுதி இரு இணையதளங்களிலும் போடுங்கள். தவிர்க்கவே முடியாத தேர்வு இருந்தால், கூட்டாளிப் பல்கலைக்கழகம் ஓர் அறையும் கண்காணிப்பாளரும் கொடுத்து அங்கேயே எழுத வைக்கலாம். நம்பிக்கை உள்ள இரண்டு துறைகளுக்கு இது ஒரு மின்னஞ்சலில் முடிகிற வேலை.

தங்க இடம், கையில் பணம்

அறை கிடைக்காமல் பரிமாற்றத்தையே கைவிடும் மாணவர்கள் இருக்கிறார்கள். விண்ணப்பம் ஏற்றாகிவிட்டது, பாடமும் முடிவாகிவிட்டது, ஆனால் படுக்க இடம் இல்லை என்பது ரொம்ப வேதனையான நிலை. வரவேற்கும் பல்கலைக்கழகம் விடுதியில் சில அறைகளைக் கூட்டாளிகளுக்கென்று ஒதுக்க முடியுமா என்பதை ஒப்பந்தம் பேசும்போதே கேளுங்கள். முடியாது என்றால் அறை மாற்றிக்கொள்வதை யோசியுங்கள்: இங்கிருந்து போகிறவரின் அறையில் அங்கிருந்து வருகிறவர். விடுதி நிர்வாகத்தின் சம்மதத்தை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும், அப்புறம் வாங்கலாம் என்று விட்டால் நடக்காது.

எராஸ்மஸில் போகிறவரிடம் வரவேற்கும் பல்கலைக்கழகம் படிப்புக் கட்டணம் வாங்கக் கூடாது, இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வசதி வாய்ப்பு குறைந்த மாணவர்களுக்கு நீண்டகாலப் பரிமாற்றத்தில் மாதம் 250 யூரோ கூடுதலாகக் கிடைக்கும் என்பது, அது யாருக்குத் தேவையோ அவர்களுக்கே பல நேரம் தெரிவதில்லை. தேர்வான பிறகு சொல்வதில் பயனில்லை, பணம் போதாது என்று நினைப்பவர் விண்ணப்பமே போட்டிருக்க மாட்டார். அறிவிப்பின் முதல் பத்தியிலேயே தொகையோடு எழுதுங்கள்.

அரை ஆண்டு போக முடியாதவர்களுக்கு

வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர், வீட்டில் குழந்தையோ பெற்றோரோ இருப்பவர், உடல்நிலை ஒத்துழைக்காதவர் இவர்களை மறந்துவிட்டுப் பரிமாற்றத்தைப் பற்றிப் பேசுவது நியாயமே இல்லை. 2021 முதல் எராஸ்மஸ் பிளஸ்ஸில் கலப்பு முறைத் தீவிரப் பயிற்சி என்று ஒன்று இருக்கிறது: குறைந்தது மூன்று நாடுகளைச் சேர்ந்த மூன்று பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்த வேண்டும், நேரில் 5 முதல் 30 நாட்கள், மீதி ஆன்லைனில், குறைந்தது 3 கிரெடிட். இதைச் சுற்றுலாபோல ஆக்கிவிடாமல் ஏற்கெனவே இருக்கும் பாடம் ஒன்றின் பகுதியாகவே வையுங்கள், அப்போது கிரெடிட் தானாக உள்ளே வந்துவிடும். மூன்று துறை ஆசிரியர்களும் ஒரு வாரம் சேர்ந்து பாடம் நடத்தினால் ஒருவர் தரத்தின்மீது மற்றவருக்கு நம்பிக்கை பிறக்கும், மேலே சொன்ன கிரெடிட் தகராறுகள் பாதி அப்போதே கரைந்துவிடும்.

கூட்டணியில் இருக்கிறீர்களா?

2017-இல் பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு அதிபர் மக்ரோன் பேசியதிலிருந்து வளர்ந்த, பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்த ஐரோப்பியப் பல்கலைக்கழகக் கூட்டணிகள் 2019-இல் 17 ஆகத் தொடங்கி இப்போது 60-ஐத் தாண்டிவிட்டன. பிராக் நகரின் சார்லஸ் பல்கலைக்கழகம், ஹைடெல்பெர்க், வார்சா, கோபன்ஹேகன், மிலான் எல்லாம் ஒரே கூட்டணியில் இருக்கின்றன. உங்கள் பல்கலைக்கழகமும் இப்படி ஒன்றில் இருந்தால், லோகோவோடும் மாநாட்டோடும் நிற்க விடாதீர்கள். கூட்டணிக்குள் எந்தப் பாடம் எடுத்தாலும் தானாக அங்கீகாரம், எல்லோருக்கும் பொதுவான பாடப்பட்டியல் என்று குறிப்பாகக் கேளுங்கள். கூட்டணி இல்லையென்றாலும் பரவாயில்லை, மத்திய ஐரோப்பாவுக்கு சீபஸ், வட ஐரோப்பாவுக்கும் பால்டிக் நாடுகளுக்கும் நார்ட்பிளஸ் என்ற பரிமாற்றத் திட்டங்கள் இருக்கின்றன.

ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை இல்லாமல் அங்கே படிப்பவர்களுக்கு (தமிழ் மாணவர்கள் பலர் இதில் வருவார்கள்) ஒரு விஷயம். 2016/801 என்ற ஐரோப்பிய ஒன்றிய ஆணையின்படி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான ஒப்பந்தத்திலோ ஒன்றியத்தின் பரிமாற்றத் திட்டத்திலோ போகும் மாணவர், தன்னிடம் இருக்கும் மாணவர் அனுமதியை வைத்தே இன்னொரு உறுப்பு நாட்டில் 360 நாட்கள் வரை படிக்கலாம், சில நாடுகளுக்கு முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். டென்மார்க்கும் அயர்லாந்தும் இதில் இல்லை, அங்கே போகத் தனி அனுமதி வேண்டும். எந்த மாணவருக்கு எந்தக் காகிதம் தேவை என்பதை இரு அலுவலகங்களும் சேர்ந்து, தேர்வுப் பட்டியல் வெளியாகும் அதே வாரத்தில் அவருக்கு எழுதி அனுப்பிவிடுங்கள். அறிவிப்பு அனுப்ப வேண்டிய நாடாக இருந்தால், அதை எந்தப் பல்கலைக்கழகம் செய்யும், எந்தத் தேதிக்குள் செய்யும் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே சேர்த்துவிடுங்கள்.