தேவனைப்போல மாறுவது எப்படி? முதலில் எதில் என்று முடிவு செய்யுங்கள்

எபேசியர் 5:1 சுற்றி வளைக்காமல் சொல்கிறது: பிரியமான பிள்ளைகளைப்போல தேவனைப் பின்பற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் இதைக் கேட்டு ஆமென் சொல்வது சுலபம். திங்கட்கிழமை வேலைக்குப் போய் உட்கார்ந்ததும், இதை எந்த முனையில் பிடிப்பது என்றே தெரியாது. "இனிமேல் நல்லவனாக இருக்கணும்" என்று மொத்தமாக ஒரு தீர்மானம் எடுப்போம், மதியச் சாப்பாட்டுக்குள் அது போன இடம் தெரியாது. எதில் தேவனைப்போல ஆகவேண்டும், எதில் ஆகவே கூடாது என்று பிரித்துப் பார்க்காததுதான் இதற்குக் காரணம் என்பது என் எண்ணம்.

அதனால் முதல் வேலை பிரிப்பது. அவர் எல்லாம் அறிந்தவர், எங்கும் இருப்பவர், சர்வவல்லவர், ஏசாயா 40:28 சொல்கிறபடி சோர்ந்துபோகாதவர். இதெல்லாம் அவருக்கு மட்டுமே உரியது. இரக்கம், பொறுமை, உண்மை, நீதி, அன்பு ஆகியவை அவரிடமிருந்து நம்மிடமும் வந்து சேரக்கூடியவை. இறையியல் படித்தவர்களும் தேவனுடைய பண்புகளை ஏறக்குறைய இப்படித்தான் இரண்டாக வகுக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், நாம் ஆசைப்படுவது பெரும்பாலும் முதல் வகைக்குத்தான். ஆதியாகமம் 3-ல் சர்ப்பம் ஏவாளுக்குக் காட்டிய ஆசையே "தேவர்களைப்போல் இருப்பீர்கள்" என்பதுதானே.

ஒரே ஒரு நாள் உங்களை நீங்களே கவனித்துப் பாருங்கள். பிள்ளை எங்கே இருக்கிறான், யாரோடு பேசுகிறான், நாளைக்கு என்ன ஆவான் என்று அத்தனையும் என் கையில் இருக்கவேண்டும் என்ற துடிப்பு, எல்லா குரூப்பிலும் எல்லா விஷயமும் எனக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்ற அரிப்பு, தூக்கத்தைக் குறைத்தால்தான் ஊழியம் நடக்கும் என்ற நினைப்பு, இன்னொருவர் ஏன் அப்படிச் செய்தார் என்று அந்த ஆளுடைய இருதயத்துக்குள் புகுந்து பார்த்ததுபோல் தீர்ப்புச் சொல்வது. மனுஷன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார் என்று 1 சாமுவேல் 16:7-ல் இருக்க, நாம் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்கிறோம். பழிவாங்குவதும் அவருடைய இலாகாதான் என்று ரோமர் 12:19 தெளிவாகச் சொல்லிவிட்டது. இந்த வகையில் நீங்கள் எடுத்துவைத்திருப்பதை ஒரு தாளில் எழுதி, ஜெபத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுங்கள். நேரத்துக்குப் படுத்துத் தூங்குவதுகூட இதில் சேரும், சிரிக்காதீர்கள். இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதில்லை என்று 121-ம் சங்கீதம் சொல்லும்போது நீங்களும் எதற்கு விழித்திருக்கிறீர்கள்?

சரி, இனி ஆகவேண்டியது. அதற்குத் தேவனே தம்மைப் பற்றிச் சொன்ன வார்த்தைகளில் தொடங்குவது நல்லது. யாத்திராகமம் 34:6-ல் மோசேக்கு முன்பாகக் கடந்துபோகும்போது அவர் தம்மை இரக்கமும் கிருபையும் நீடிய சாந்தமும் மகா தயையும் சத்தியமும் உள்ளவர் என்று கூறுகிறார். வேதத்தில் திரும்பத் திரும்ப எதிரொலிக்கும் வசனம் இது: எண்ணாகமம் 14, நெகேமியா 9, சங்கீதம் 86, 103, 145, யோவேல் 2 என்று பல இடங்களில் வருகிறது. எனக்குப் பிடித்த இடம் யோனா 4:2. நினிவே நகரம் அழியாமல் தப்பியதும், அங்கே போகச் சொன்னபோது ஓடிப்போன தீர்க்கதரிசி யோனா இதே வரிகளைக் கோபத்தோடு ஒப்பிக்கிறான், நீர் இப்படிப்பட்ட தேவன் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் ஓடினேன் என்று. பட்டியல் மனப்பாடம், ஆனால் அதில் ஒன்றும் தன்மேல் ஒட்டிவிடக் கூடாது என்பதில் ஆள் குறியாக இருக்கிறான். சபையில் வளர்ந்த பலருக்கும் இருக்கிற நோய்தான் இது.

இந்த ஐந்தில் ஒன்றை மட்டும் எடுத்து ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். எதை எடுப்பது என்று குழம்பவேண்டாம். உங்களுக்கு எரிச்சல் தருகிற ஒருவரை நினைத்துக்கொண்டு, தேவன் அவரிடம் காட்டுவதும் நான் காட்டாததும் எது என்று கேளுங்கள். பதில் சட்டென்று வரும். அவரிடம் உண்மையைப் பேசாமல் மழுப்புகிறீர்கள் என்றால் சத்தியம். வாயைத் திறந்தாலே சுள்ளென்று விழுகிறீர்கள் என்றால் நீடிய சாந்தம்.

ஒரு குணத்தை எடுத்தாயிற்று, அதை எங்கே நடைமுறைப்படுத்துவது? இங்கேதான் லேவியராகமம் 19-ஐ நிறையப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். "நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்" என்று தொடங்குகிற அதிகாரம் அது. பரிசுத்தம் என்றதும் உபவாசமும் முழு இரவு ஜெபமும் மட்டும் நம் நினைவுக்கு வருகின்றன. அந்த அதிகாரமோ கூலி, தராசு, வயலின் ஓரம், வாய்ப்பேச்சு என்று போகிறது. கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக் கூடாது என்கிறது 13-ம் வசனம். உங்களுக்கு வேலை செய்தவருக்குக் கொடுக்கவேண்டிய பணம் உங்களிடம் இருந்தும், "நாளைக்கு வாங்கிக்கங்க" என்று சொல்லும் பழக்கம் இருந்தால் அதை இன்றைக்கே நிறுத்துங்கள், அன்றன்றே கொடுத்துவிடுங்கள். அடுத்த வசனம், காதுகேளாதவனைச் சபிக்காதே. அவனுக்குக் கேட்காதே, என்ன நஷ்டம்? அதுதான் விஷயம். தனக்கு எதிராகப் பேசப்படுவது தெரியாமல், மறுப்புச் சொல்ல வழியில்லாமல் இருப்பவனைப் பற்றிய வசனம் அது. அறையில் இல்லாதவரைப் பற்றிப் பேசுவதும், ஒருவரை விட்டுவிட்டுத் தொடங்கிய தனி குரூப்பில் அவரைக் கிழிப்பதும், ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஒருவர் வீட்டு விஷயத்தைப் பரப்புவதும் இதற்குள் வரும் என்றே நான் வாசிக்கிறேன். ஒரு சின்ன விதி வைத்துக்கொள்ளுங்கள்: அவர் இப்போது கதவைத் திறந்து உள்ளே வந்தால் இதே வாக்கியத்தை முடிப்பேனா? முடிக்கமாட்டேன் என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் (அதாவது வேறு தேசத்திலிருந்து வந்து தங்கியவனுக்கும்) விட்டுவை என்பதும் அங்கேதான் இருக்கிறது. நமக்கு வயல் இல்லாவிட்டாலும் நாள் இருக்கிறது, சம்பளம் இருக்கிறது. இரண்டையும் ஓரம்வரை ஒட்ட அறுத்துவிட்டால், உதவி கேட்டு யார் வந்தாலும் நம்மிடம் நேரமும் இருக்காது, காசும் இருக்காது, இரக்கம் மட்டும் மனதில் இருந்து என்ன பயன்? மாதத் தொடக்கத்திலேயே ஒரு தொகையைத் தனியே வையுங்கள், வாரத்தில் ஒரு மாலையைக் காலியாக விடுங்கள், யாருக்கு என்று முன்கூட்டியே தீர்மானிக்கவேண்டாம்.

இயேசு இதை எப்படிச் செய்தார் என்று பார்க்க மாற்கு 5 போதும். யவீருவின் 12 வயது மகள் சாகக் கிடக்கிறாள், அவர் அவசரமாகப் போய்க்கொண்டிருக்கிறார், வழியில் 12 வருஷமாகப் பெரும்பாட்டினால், அதாவது நிற்காத இரத்தப்போக்கினால், துன்பப்பட்ட ஒரு ஸ்திரீ கூட்டத்துக்குள் வந்து அவருடைய வஸ்திரத்தைத் தொட, அவர் நின்றுவிடுகிறார். நின்று, யார் தொட்டது என்று கேட்டு, அவள் உள்ளதை எல்லாம் சொல்லி முடிக்கிறவரை இருக்கிறார். பக்கத்தில் யவீரு எப்படித் தவித்திருப்பான்! சுவிசேஷங்களை ஒரு காட்சிக்கு ஒரு நாள் என்று மெதுவாக வாசித்து, அவர் யாருக்காக நின்றார், யார் பேச்சுக்கு மசியவில்லை என்ற இரண்டை மட்டும் குறித்துவையுங்கள். அதன்பின் உங்கள் வேலைக்கு நடுவே குறுக்கிடுகிற முதல் ஆளிடம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். அன்றைய பயிற்சிக்கு அது போதும்.

கோபம் வரும் நேரம்தான் கஷ்டமானது, அதனால் அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஒரு மெசேஜ் வருகிறது, தப்பு உங்கள்மேல் இல்லை, ஆனால் பழி உங்கள்மேல். விரல் தானாக டைப் அடிக்கும். அடிக்கட்டும், ஆனால் பதில் பெட்டியில் அடிக்காமல் நோட்ஸில் அடியுங்கள். முடித்ததும் வாய்விட்டு ஒருமுறை வாசியுங்கள். "எப்பவும் நீங்க இப்படித்தான்", "உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா" மாதிரி வரிகள் இருந்தால் எடுத்துவிடுங்கள், அவை அந்தச் சம்பவத்தை விட்டுவிட்டு ஆளைத் தாக்குகிற வரிகள். உண்மையை எடுக்காதீர்கள், சாந்தம் என்றால் நடந்ததை மறைப்பது என்று அர்த்தமில்லை, லேவியராகமம் 19:17-ம் பிறனை உள்ளுக்குள் பகைக்காமல் நேரில் கடிந்துகொள்ளவே சொல்கிறது. அப்புறம் அனுப்புவதற்கு முன் அவர் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். "ஆண்டவரே, அவருக்குப் புத்தி கொடும்" என்பது இந்தக் கணக்கில் சேராது. அவர் வீட்டுக்கு, வேலைக்கு, உடம்புக்கு என்ன நன்மை வேண்டுமோ அதைக் கேளுங்கள். தீயோர்மேலும் நல்லோர்மேலும் சூரியனை உதிக்கப்பண்ணுகிற பிதாவுக்குப் பிள்ளைகளாக இருக்க மத்தேயு 5-ல் இயேசு காட்டிய வழி இதுதான்: சத்துருவைச் சிநேகி, அவனுக்காக ஜெபம் பண்ணு.

இதெல்லாம் நம் முயற்சியா, கிருபையா என்று கேட்பவர்களுக்கு: பிலிப்பியர் 2:12-ஐயும் 13-ஐயும் பிரிக்காமல் வாசியுங்கள். பயத்தோடும் நடுக்கத்தோடும் பிரயாசப்படச் சொல்கிறது, உடனே உங்களில் செய்கிறவர் தேவன் என்றும் சொல்கிறது. ஆகவே காலையில் அந்த மாதத்துக் குணத்தைச் சொல்லி ஆவியானவரிடம் கேளுங்கள், கேட்டுவிட்டு எழுந்து வேலையைப் பாருங்கள்.

விழுவீர்கள், அதில் சந்தேகமே வேண்டாம். விழுந்தால் மன்னிப்புக் கேளுங்கள், "உங்களுக்கு வருத்தமா இருந்திருந்தா" என்ற ஒட்டு இல்லாமல், செய்ததைச் செய்ததாகச் சொல்லி. (இந்த ஒன்றில் மட்டும் நாம் தேவனைப் பார்த்துச் செய்ய முடியாது, அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவேண்டிய நிலையில் இல்லை.) இரவில் படுக்கும்முன் சில நிமிடம் அன்றைய நாளைத் திரும்பிப் பார்ப்பது உதவும். 16-ம் நூற்றாண்டில் இயேசு சபை என்ற துறவற சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் தம் ஆட்களுக்கு இதை அழுத்திச் சொன்னார், முதலில் நன்றி, பிறகுதான் குறைகள் என்ற வரிசையில். அந்த வரிசையை மாற்றாதீர்கள், குறையிலிருந்து தொடங்கினால் தூக்கம்தான் போகும்.

தனியாக மட்டும் இதைச் செய்யாதீர்கள். 1742-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், ஜான் வெஸ்லியைப் பின்பற்றிய மெதடிஸ்டுகள் 12 பேர் அளவிலான சிறு குழுக்களாகப் பிரிந்து, வாரம் ஒருமுறை ஒருவருடைய ஆத்துமாவின் நிலையை மற்றவர் கேட்கிற பழக்கத்தைத் தொடங்கினார்கள். உங்களுக்கு 12 பேர் வேண்டாம், ஒருவர் போதும், ஆனால் அவர் சபையில் மட்டும் உங்களைப் பார்க்கிறவராக இருக்கக் கூடாது. கூடவே வாழ்கிறவர் அல்லது கூடவே வேலை செய்கிறவரைப் பிடியுங்கள். மாதக் கடைசியில் அவரிடம், நீங்கள் எந்தக் குணத்தை எடுத்தீர்கள் என்று சொல்லாமல், "இந்த மாசம் என்கூட இருக்கிறது எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை விளக்கம் எதுவும் கொடுக்காதீர்கள். அதே குணத்தை இன்னொரு மாதம் வைத்துக்கொள்வதா, அடுத்ததற்குப் போவதா என்பதை அவர் சொன்னதை வைத்து முடிவு செய்யுங்கள்.