தன்னைக் காயப்படுத்திக்கொள்பவர்களுக்குத் துணை நிற்க வாலண்டியராகப் போகிறீர்களா? சேர்வதற்கு முன் இதைப் படியுங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒருவர் தன்னைக் காயப்படுத்திக்கொள்வதை நிறுத்த வைப்பது சக ஆதரவாளரின் வேலை இல்லை. பயிற்சிக்கு வரும் பலர் இதைக் கேட்டதும் முகம் சுளிப்பார்கள், அப்புறம் நாங்கள் எதற்கு என்பார்கள். சிகிச்சை கொடுக்க மருத்துவரும் மனநல ஆலோசகரும் இருக்கிறார்கள். வெளியே சொன்னால் திட்டு விழும், அழுது தீர்ப்பார்கள், அறைக் கதவின் தாழ்ப்பாளையே கழற்றிவிடுவார்கள் என்று பயந்து வருஷக்கணக்கில் வாயைத் திறக்காமல் இருந்த ஒருவர், முதல்முறையாகப் பயமில்லாமல் பேசுவதற்கு ஓர் ஆள் வேண்டும் இல்லையா, அந்த ஆள்தான் நீங்கள். நிறுத்த வைத்தே தீருவேன் என்று கிளம்பினால் என்ன ஆகும் தெரியுமா? மறுபடி ஒருநாள் நடந்துவிட்டால் அவர் உங்களிடமும் மறைக்கத் தொடங்குவார்.

இது எவ்வளவு பரவலானது என்பது பலருக்கும் தெரியாது. பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2014-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, சாகும் எண்ணம் இல்லாமல் ஒருமுறையாவது தன்னைக் காயப்படுத்திக்கொண்ட வளரிளம் பருவத்தினர் சுமார் 17 சதவீதம், பெரியவர்களில் 5 சதவீதத்துக்குச் சற்று மேல். பெரும்பாலும் 12, 13, 14 வயதில் தொடங்குகிறது, ஆனாலும் நடுவயதுக்காரர்களும் ஆண்களும் நிறையவே இருக்கிறார்கள். "கவனத்தை ஈர்க்கத்தான் பண்றாங்க" என்ற பேச்சை இப்போதே தூக்கிப் போட்டுவிடுங்கள். பெரும்பாலானோர் இதை ஒளித்துத்தான் செய்கிறார்கள். தாங்க முடியாத கோபம், வெட்கம், தன்மேலேயே வரும் வெறுப்பு, சிலருக்கு எதையுமே உணர முடியாத மரத்துப்போன நிலை, இதிலிருந்து கொஞ்ச நேரம் மூச்சு விடக் கிடைக்கும் வழியாக அது இருக்கிறது. அந்த நிம்மதி உண்மையானது, அதனால்தான் விடுவது கஷ்டம்.

யார் சேரலாம்

உங்களுக்கே இந்த அனுபவம் இருந்திருக்கலாம், அல்லது உங்கள் பிள்ளைக்கோ தம்பிக்கோ தோழிக்கோ நடந்ததை உடனிருந்து பார்த்திருக்கலாம். அதுதான் உங்கள் தகுதி. ஆனால் அந்த அனுபவத்துக்கும் இன்றைக்கும் நடுவில் கொஞ்சம் தூரம் இருக்க வேண்டும். எத்தனை மாதம் என்று எல்லோருக்கும் பொதுவான கணக்கு கிடையாது, அமைப்புக்கு அமைப்பு மாறும். நான் பார்ப்பது வேறு: உங்கள் கதையை யாரிடமாவது சொன்ன பிறகு அன்றிரவு தூங்க முடிகிறதா? இன்னொருவர் தன் காயத்தைப் பற்றிப் பேசும்போது உங்களுக்குள் பழைய உந்துதல் எழுந்தால் அதை அடையாளம் கண்டு, ஒரு நிமிஷம் என்று சொல்லி விலக முடியுமா? முடியாது என்றால் இப்போது வேண்டாம், அவ்வளவுதான்.

இதைப் படிக்கும் நீங்களே இன்று அந்த நிலையில் இருந்தால், விண்ணப்பத்தைத் தள்ளி வைத்துவிட்டு நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் உங்கள் பகுதியின் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் அவசர எண்.

இன்னொன்று. அனுபவம் உள்ளவர் என்பதற்காக அதை ஊருக்கே அறிவிக்க வேண்டிய கடமை எதுவும் உங்களுக்கு இல்லை. இந்தப் பிரச்சினைக்கு இன்று பரவலாகப் பயன்படும் டிபிடி (கொந்தளிக்கும் உணர்ச்சிகளைக் கையாளக் கற்றுத்தரும் ஒரு பேச்சுச் சிகிச்சை) முறையை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெகன், இளவயதில் தானும் தன்னைக் காயப்படுத்திக்கொண்டு மனநல மருத்துவமனையில் இருந்தவர். அதைப் பொதுவெளியில் சொன்னது 2011-இல், அறுபதைத் தாண்டிய வயதில். ஒருமுறை வெளியே போனதைத் திரும்ப எடுக்க முடியாது, ஆகவே எந்த அளவுக்கு, யாரிடம் என்பதைச் சேரும் முன்பே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த அமைப்பில் சேர்வது

தனியாகச் செய்யாதீர்கள். நல்ல மனசு இருந்தால் போதாதா, நானே ஒரு குழு ஆரம்பித்து என் எண்ணைக் கொடுத்துவிடுகிறேன் என்று கிளம்புபவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும்.

சாதாரண ஆட்கள் கேட்டாலே பெரிய உதவி என்பது உண்மைதான். 1953-இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தோடு இருப்பவர்களுக்காக ஒரு தொலைபேசிச் சேவையைத் தொடங்கினார், அதுதான் பின்னாளில் சமாரிட்டன்ஸ் அமைப்பானது. அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்கு டீ கொடுத்துப் பேச்சுத்துணையாக இருக்கச் சில வாலண்டியர்கள் வந்தார்கள். அவர்களிடம் பேசிவிட்டே பலர், பாதிரியாரைப் பார்க்கத் தேவையில்லாமல் திரும்பிப் போவதை வாரா கவனித்தார். அடுத்த ஆண்டே கேட்கும் வேலையை அந்த வாலண்டியர்களிடம் ஒப்படைத்துவிட்டார். ஆனால் அந்த வாலண்டியர்களுக்குப் பின்னால் ஒரு ஏற்பாடு இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

அமைப்பிடம் கேட்க வேண்டியவை: பயிற்சி எத்தனை நாள், அதில் நடித்துப் பார்க்கும் பயிற்சி உண்டா? ஒரு கடினமான உரையாடல் முடிந்த உடனே நான் யாரிடம் பேசலாம்? நடு ராத்திரியில் நிலைமை கைமீறினால் யாரைக் கூப்பிடுவது? பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களிடம் பேசுவதற்குத் தனி விதி என்ன? உங்கள் பின்னணியை அவர்கள் விசாரிக்கிறார்களா? விசாரித்தால் கோபப்படாதீர்கள், சந்தோஷப்படுங்கள். சேர்ந்த முதல் நாளே பெயர்ப் பட்டியலைக் கையில் திணித்து "பேச ஆரம்பிங்க" என்கிற இடமாக இருந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம்.

பேசும்போது

ஒரு பெண் இப்படி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்:

"அக்கா, நேத்து மறுபடி பண்ணிட்டேன்."

கை தானாக என்ன டைப் அடிக்கும்? "ஏன்? நல்லாத்தானே இருந்த?" அல்லது "அம்மாவை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாத்தியா?" அக்கறையில்தான் வருகிறது, ஆனால் முதலாவது விசாரணை, இரண்டாவது குற்றச்சாட்டு. அவளுக்கு ஏற்கெனவே இருக்கிற வெட்கத்தின் மேல் இன்னொரு மூட்டை. இப்படி எழுதலாம்:

"சொன்னதுக்கு நன்றி. இப்ப எப்படி இருக்கீங்க? காயத்துக்கு ஏதாவது பாக்கணுமா?"

உடம்பு முதலில். ரத்தம் நிற்கவில்லை, காயம் ஆழம் என்றால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போகச் சொல்ல வேண்டும். எதையாவது விழுங்கியிருந்தால், உடம்புக்கு இப்போது ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னாலும் உடனே போக வேண்டும், சில பாதிப்புகள் தாமதமாகத்தான் தெரியும். காயத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள், அனுப்பினால் வேண்டாம் என்று மென்மையாகச் சொல்லுங்கள். எந்தப் பொருளால், எப்படிச் செய்தார் என்ற விவரத்தைத் தோண்டாதீர்கள், உங்கள் பழைய விவரத்தையும் சொல்லாதீர்கள். அப்படிப்பட்ட விவரங்கள் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும், குழுவாகப் பேசும் இடங்களில் இன்னும் வேகமாக.

அப்புறம் "நேத்து என்ன நடந்துச்சுன்னு சொல்லத் தோணுதா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பதில் வர நேரமாகும். அந்த இடைவெளியை அறிவுரையால் நிரப்பாமல் இருப்பதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமானது என்பேன். நடந்து போங்கள், பாட்டுக் கேளுங்கள், தியானம் பண்ணுங்கள் என்ற பட்டியல் அவருக்கு மனப்பாடம். அதைவிட, "உந்துதல் வந்தும் பண்ணாம விட்ட நாள் ஏதாவது இருக்கா, அன்னிக்கு என்ன உதவிச்சு?" என்று கேட்டால் அவருக்கே பொருந்தும் ஒன்று வெளியே வரும். உந்துதல் ஏறி, உச்சத்தில் கொஞ்சம் நின்று, இறங்கிவிடும் என்பதைப் பலர் தங்கள் அனுபவத்திலேயே கண்டிருப்பார்கள், யாரும் கேட்காததால் சொல்லியிருக்க மாட்டார்கள்.

உங்கள் சொந்தக் கதை உப்பு மாதிரி, கொஞ்சம் போதும். "எனக்கும் அப்படி இருந்திருக்கு, யார்கிட்டயும் சொல்ல முடியாம ரொம்ப நாள் இருந்தேன்" என்று ஒரு வரி, உடனே பேச்சை அவரிடம் திருப்பிவிடுங்கள். அவர் உங்களுக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கிவிட்டால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். "நானே மீண்டு வந்துட்டேன், உன்னால முடியாதா?" என்பது ஊக்கம் கொடுப்பது போலத் தெரியும், கேட்பவருக்குத் தோற்றுப்போன மாதிரி இருக்கும்.

தற்கொலையைப் பற்றி நேராகக் கேளுங்கள்

காயப்படுத்திக்கொள்வதும் தற்கொலை முயற்சியும் ஒன்றல்ல, ஆனால் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. சாகும் எண்ணம் இல்லாமல் தொடங்கியவர்களுக்கும் பின்னாளில் அந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். நாம் இதைக் கேட்கும் விதத்தில்தான் ஒரு சிக்கல்: "தப்பா எதுவும் யோசிக்கலையே?" என்று கேட்போம். அந்தக் கேள்வியிலேயே "இல்லை" என்ற பதில் ஒட்டிக்கொண்டு வருகிறது, அவரும் அதைத்தான் சொல்வார். "தற்கொலை பண்ணிக்கணும்னு எண்ணம் வருதா?" என்று சாதாரணக் குரலில் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, இதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

ஆமாம் என்றால், எப்படி என்று திட்டம் இருக்கிறதா, அதற்கானது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, எப்போது என்று நினைத்திருக்கிறார், இவ்வளவும் தெரிய வேண்டும். திட்டமும் வழியும் இருந்தால் அவரைத் தனியே விடாமல் பேச்சில் பிடித்துக்கொண்டே உங்கள் மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள், தேவைப்பட்டால் அவசர உதவியை. மதிப்பெண் போட்டு ஆபத்தைக் கணிக்கும் படிவங்களை நம்பாதீர்கள். இங்கிலாந்தில் மருத்துவத் துறைக்கு வழிகாட்டுதல்கள் வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தற்கொலையையோ மறுபடி காயப்படுத்திக்கொள்வதையோ கணிக்க இத்தகைய அளவுகோல்களைப் பயன்படுத்த வேண்டாம் என்றே மருத்துவர்களுக்குச் சொல்கிறது. அவர்களுக்கே அப்படி என்றால் நமக்குச் சொல்லவே வேண்டாம்.

இதனால்தான் "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று எப்போதும் வாக்குக் கொடுக்கக் கூடாது. முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்: "நீங்க சொல்றது நம்ம அமைப்புக்குள்ளதான் இருக்கும். உங்க உயிருக்கோ வேறொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா மட்டும் நான் ஒருத்தர்கிட்ட சொல்ல வேண்டியிருக்கும், அப்படிச் சொல்றதா இருந்தா முடிஞ்சவரை உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்."

வீட்டார் வந்தால்

அம்மாக்கள் நிறைய வருவார்கள், அப்பாக்கள் கொஞ்சம் தாமதமாக. "நாங்க எங்க தப்பு பண்ணோம்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அதற்குத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், அவர்களையும் பேச விடுங்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒரே மருந்து "என் தலைமேல அடிச்சு சத்தியம் பண்ணு, இனிமே செய்ய மாட்டேன்னு" என்பதாக இருக்கும். எழுதி வாங்கினாலும் சத்தியம் வாங்கினாலும் அது காயத்தைத் தடுக்கிறது என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை. சத்தியம் மீறப்பட்ட அன்றைக்குப் பிள்ளைக்கு இரண்டு ரகசியங்கள் ஆகிவிடும். தினமும் சட்டைக் கையைத் தூக்கிப் பார்ப்பதும் அப்படித்தான். "எப்ப வேணும்னாலும் வந்து சொல்லு, திட்ட மாட்டேன்" என்று ஒருமுறை சொல்லி, சொன்னபடி திட்டாமல் இருப்பது போதும். அது எளிதில்லை என்பதையும் அவர்களிடம் ஒப்புக்கொள்ளுங்கள்.

எல்லைகள்

இரண்டாவது பேச்சிலேயே நீங்கள் அக்காவோ அண்ணனோ ஆகிவிடுவீர்கள். அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஆனால் அக்கா என்றால் ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பாள், கல்யாணத்துக்கு வருவாள், பணமுடைக்குக் கைமாற்றுத் தருவாள் என்ற எதிர்பார்ப்பும் சத்தமில்லாமல் கூடவே வரும். சொந்த எண்ணைக் கொடுக்காதீர்கள், பணம் வேண்டாம், உங்கள் நேரம் எது என்று முன்பே சொல்லுங்கள், அந்த நேரத்துக்கு வெளியே யாரிடம் போகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "நீங்க மட்டும்தான் எனக்கு இருக்கீங்க" என்று ஒருவர் சொன்னால் உள்ளுக்குள் ஒரு பெருமை எட்டிப்பார்க்கும். அதுதான் எச்சரிக்கை மணி. அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள், அப்படிச் சொன்னவருக்கு இன்னும் ஒன்றிரண்டு துணைகளைத் தேடித் தரும் வேலையைத் தொடங்குங்கள்.

உங்களைப் பற்றியும்தான். ஒவ்வொரு முறை முடிந்ததும் யாரிடமாவது இறக்கி வையுங்கள், பெயர் சொல்லாமல், அமைப்புக்குள்ளேயே. மெசேஜ் சத்தம் கேட்டாலே வயிறு பிசைகிறது, வீட்டில் எரிந்து விழுகிறீர்கள், அல்லது எதைக் கேட்டாலும் ஒன்றும் தோன்றவில்லை என்றால் சில வாரம் நிறுத்திவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், நினைத்தால் அது சேர வேண்டிய இடமே இல்லை.

ஒரேயடியாக விலகுவதாக இருந்தால் திடீரென்று காணாமல் போகாதீர்கள். இவர்களில் பலர் சொல்லாமல் போனவர்களால் காயப்பட்டவர்கள். சில வாரம் முன்பே சொல்லி, அடுத்து வரும் வாலண்டியரோடு ஒருமுறை மூவருமாகப் பேசி, கையில் இருக்கும் குறிப்புகளை அமைப்பிடம் ஒப்படைத்து, போனில் மிச்சமிருப்பதை அழித்துவிட்டு வெளியே வாருங்கள்.