கறுப்பினப் பெண்ணியத்த நம்ம காலேஜ் கிளாஸ்ல எப்படி எடுக்கறதுங்க

ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கம் ஆர்ட்ஸ் காலேஜ்ல பாடம் எடுக்கறவங்களுக்காக இத எழுதறனுங்க. சிலபஸ்ல பெண்ணியம்னு ஒரு யூனிட் வரும், அதுல கறுப்பினப் பெண்ணியம் (இனவெறியும் ஆணாதிக்கமும் ஒண்ணா தாக்கறத பத்தி கறுப்பினப் பெண்கள் பேசுனது) அரை பக்கம், புள்ளைங்க அத மனப்பாடம் பண்ணி அஞ்சு மார்க்குக்கு எழுதிட்டு மறந்துருவாங்க. ஆனா அது வெறும் பாடம் இல்லீங்க, இந்த கிளாஸ்ல யாரு பேசறாங்க, யாரு வாயே தொறக்கறதில்ல, ஏன்னு கேக்க வெக்கற விசயம்.

தியரிய தள்ளி வெச்சிட்டு ஒரு கேஸ்ல இருந்து ஆரம்பிங்க. அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ் மேல அஞ்சு கறுப்பினப் பெண்கள் கேஸ் போட்டாங்க, 1964க்கு முன்னாடி அந்த கம்பெனி கறுப்பினப் பெண்கள வேலைக்கே எடுக்கல, அப்பறமா எடுத்தவங்களையும் ஆள் குறைக்கறப்ப சீனியாரிட்டி இல்லைன்னு அனுப்பிட்டாங்க. 1976ல கோர்ட் சொன்னது என்னன்னா, பெண்கள வேலைக்கு வெச்சிருக்காங்க, அதனால பெண்ணுங்கறதுக்காக ஒதுக்குனாங்கன்னு சொல்ல முடியாது, இனப் பிரச்சனைன்னா ஏற்கனவே நடக்கற இன்னொரு கேஸோட சேந்துக்கங்க, ரெண்டையும் சேத்து புதுசா ஒண்ணு கேக்க முடியாதுன்னு. அங்க வேலைல இருந்த அந்த பெண்கள் வெள்ளைக்காரப் பெண்கள். 1989ல கிம்பர்லி கிரென்ஷாங்கற கறுப்பின சட்டப் பேராசிரியர் இந்த மாதிரி தீர்ப்புகள எடுத்து வெச்சுதான் இனமும் பாலினமும் ஒண்ணா வந்து மோதற எடத்துல நிக்கறவங்கள சட்டம் பாக்கவே மாட்டேங்குதுன்னு எழுதுனாங்க.

தீர்ப்ப சொல்லிட்டு உடனே விளக்கம் சொல்லாதீங்க, கொஞ்ச நேரம் விடுங்க. அப்பறம் போர்டுல எழுதுங்க: பனியன் கம்பெனில டெய்லர் யாரு, டெய்லருக்கு துணி மடிச்சு குடுக்கற கைமடி யாரு, செக்கிங் யாரு, சூப்பர்வைசர் யாரு, பாத்ரூம் கழுவறது யாரு. உங்க கிளாஸ்ல பாதி புள்ளைங்களுக்கு அம்மாவோ அக்காவோ அங்கதான் வேலைக்கு போறாங்க, அவங்களே போர்ட ரொப்பிருவாங்க. பெண்ணு எங்க, பட்டியல் சாதி எங்க, ரெண்டுமா இருக்கறவங்க எந்த வேலைலன்னு அவங்க வாயாலயே வரும்.

இதுல ரொம்ப கவனமா இருக்க வேண்டியது ஒண்ணு இருக்குங்க. வளவுல, அதாவது பட்டியல் சாதி குடியிருப்புல இருந்து வர்ற புள்ளைய எழுப்பி, "நீ சொல்லு கண்ணு, உனக்கு என்ன நடந்துச்சு"ன்னு தயவுசெஞ்சு கேக்காதீங்க. மத்தவங்க படிச்சுக்கறதுக்கு அந்தப் புள்ள தன்னோட காயத்த காட்டணுமா? கறுப்பினப் பெண்ணிய எழுத்தாளர் பெல் ஹூக்ஸ் இத தெளிவா சொல்லியிருக்காங்க, மாணவங்க மனசு தொறந்து பேசணும்னு எதிர்பாக்கற வாத்தியார் தானும் பேசணும், தான் மட்டும் பத்திரமா உக்காந்துட்டு அவங்கள பேச வெக்கறது அதிகாரம்தான்னு. அதனால மொதல்ல நீங்க பேசுங்க. உங்க சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) வேலைக்கு வந்தவங்க எங்க உக்காந்து சாப்பிட்டாங்க, அவங்களுக்கு தனி டம்ளர் எங்க சொருகி இருந்துச்சு, உங்க அம்மா அவங்கள எப்படி கூப்புட்டாங்க, வயசுல பெரியவங்கள உங்க வீட்டு சின்னப் பையன் பேர் சொல்லி கூப்புட்டானா. தோட்டங்காடு இருக்கற வீட்டுல இருந்து வந்த வாத்தியார் இத சொன்னா கிளாஸ் நிமிந்து உக்காரும்.

புள்ளைங்ககிட்ட கேக்கறது வேலைய பத்தி இருக்கட்டும். "காலைல நீ காலேஜ் கிளம்பறதுக்குள்ள உங்க வீட்டுல யாரு என்னென்ன வேல செஞ்சாங்க"ன்னு பேர் போடாம சீட்டுல எழுத சொல்லுங்க. கையெழுத்து தெரிஞ்சுரும்னு பயப்படுவாங்க, நீங்க டைப் பண்ணி எடுத்துட்டு வந்து படிங்க. பால் கறந்து சொசைட்டில ஊத்துனது, தண்ணி புடிச்சது, நைட் ஷிப்டு முடிஞ்சு வந்த அம்மாவுக்கு சோறாக்குனது எல்லாம் வரும். கூடவே ஒண்ணு, மொத நாள் அறிமுகத்துல எந்த ஊரு, எந்த கூட்டம் (குலம்)னு கேக்கற பழக்கத்த விட்ருங்க.

வேற சாதிப் பொண்ணோட பழகுனதுக்காக பட்டியல் சாதிப் பையன் கோகுல்ராஜ 2015ல கொன்னது பத்தி என்னிக்காவது பேச்சு வரும், நம்ம பக்கத்துல வராம இருக்காது. மொத வாரமே நீங்களா எடுக்காதீங்க, ஒரே பெஞ்சுல எந்தெந்த வீட்டுப் புள்ளைங்க உக்காந்திருக்காங்கன்னு நமக்கு தெரியாது. ஆனா அவங்களே எடுத்தா மூடி மறைக்காதீங்க.

படிப்போட நிக்கறது கறுப்பினப் பெண்ணியத்தோட வழி இல்லீங்க. 1969ல நியூயார்க் சிட்டி காலேஜ்ல கறுப்பின, போர்ட்டோ ரிக்கோ மாணவங்க கேம்பஸ புடிச்சுட்டு உக்காந்தாங்க, 1970ல அந்த காலேஜ் சேந்த யுனிவர்சிட்டி, அந்த ஊருல ஹைஸ்கூல் முடிச்ச எல்லாருக்கும் அட்மிஷன் கதவையே தொறந்துச்சு, அந்த காலத்துல கறுப்பினப் பெண் கவிஞர்கள் ஆட்ரி லார்டும் ஜூன் ஜோர்டனும் அங்க பாடம் எடுத்தவங்க. பாஸ்டன்ல கோம்பாஹி ரிவர் கலெக்டிவ்னு ஒரு கறுப்பினப் பெண்ணியக் குழு, 1979ல கறுப்பினப் பெண்கள் தொடர்ந்து கொலையானப்ப நோட்டீஸ் அடிச்சாங்க, சாவு கூடக்கூட தலைப்புல இருந்த எண்ணிக்கைய அடிச்சு மாத்தி மறுபடி குடுத்தாங்க. என்ன நடந்துச்சுன்னு கணக்கு வெச்சு எழுத்துல போடறது, அதுதான் நாம எடுத்துக்க வேண்டியது.

உங்க காலேஜ்ல ஒரு சின்ன விசயத்த புடிங்க. பாலியல் துன்புறுத்தல் புகாரெல்லாம் விசாரிக்க இன்டர்னல் கம்ப்ளெயின்ட்ஸ் கமிட்டி இருக்கணும், மாணவங்க சம்பந்தப்பட்ட விசயம்னா அதுல மூணு மாணவப் பிரதிநிதிங்க, அதுவும் தேர்தல் மூலமா வந்தவங்க இருக்கணும்னு யுஜிசியோட 2015 விதி சொல்லுது. உங்க நோட்டீஸ் போர்டுல அந்த மூணு பேரு யாருன்னு இருக்கா? இல்லைன்னா புள்ளைங்களோட உக்காந்து பிரின்சிபாலுக்கு லெட்டர் எழுதுங்க. புள்ளைங்க கையெழுத்து மட்டும் இருந்தா இன்டர்னல் மார்க்குல கை வெச்சிருவாங்க, அதனால பர்மனென்ட்ல இருக்கற ஆசிரியர் யாராவது மொதல்ல போடணும், கெஸ்ட் லெக்சரர் தனியா முன்னாடி நிக்க வேண்டாம். ஆபீஸ்ல நகல்ல சீல் வாங்கிக்கங்க, தேதியோட. எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போட்டு வைங்க, பைனல் இயர் முடிச்சு போறவங்க அத செகண்ட் இயர் புள்ளைங்க கையில குடுத்துட்டுத்தான் போகணும்.