வைப்பர் கோணலாக நிற்கிறதா? பிளேடு வாங்கும் முன் மோட்டாரைக் கவனியுங்கள்

ஆனி, ஆடியில் பாளையங்கோட்டையில் வெயில் காயும். அதே நாளில் ஆலங்குளம் தாண்டித் தென்காசியை நெருங்கினால் சாரல் பிடித்துக்கொள்ளும். மச்சானின் இரண்டு கதவு ஜெர்மன் காரில் குற்றாலம் போகும்போதுதான் கோளாறு வெளிப்பட்டது. ஓட்டுநர் பக்க வைப்பர் நான்கு விரற்கடை உயரத்தில், பார்வைக்குக் குறுக்கே நின்றது. மற்றொன்று பானட் விளிம்பை உரசியது. முன்கண்ணாடி மாற்றிய பட்டறையில் வைப்பர்களை அடையாளம் வைக்காமல் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். கேட்டதற்கு, "புது பிளேடு போடுங்க அண்ணாச்சி, சரியாகிவிடும்" என்று பதில் வந்தது. எப்படிச் சரியாகும்? பிளேடு வெறும் ரப்பர். கோணத்தைத் தீர்மானிப்பது பிளேடைத் தாங்கும் வைப்பர் கை. அந்தக் கை எங்கே ஓய்வெடுக்கும் என்பதைத் தீர்மானிப்பது மோட்டார்.

முதலில் கையின் அடிப்பகுதியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். உள்ளிருக்கும் தண்டும் சேர்ந்து ஆடினால் லிங்கேஜ் (மோட்டாரையும் கைகளையும் இணைக்கும் கம்பிகள்) புஷ் தேய்ந்திருக்கிறது. அதற்கு, கையைக் கழற்றிக் கோணம் மாற்றும் இந்த வைத்தியம் உதவாது. தண்டு அசையாமல் கை மட்டும் ஆடினால் நட் தளர்ந்திருக்கலாம்.

சாக்கெட் செட், மாஸ்கிங் டேப், பழைய டூத்பிரஷ், தடித்த துண்டு, கையைத் தண்டிலிருந்து இழுத்தெடுக்கும் வைப்பர் புல்லர் ஆகியவை போதும். புல்லர் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். ஸ்க்ரூடிரைவரை நெம்புகோலாக வைத்தால் கண்ணாடிக்குக் கீழுள்ள பிளாஸ்டிக் மூடி உடையும். சுத்தியலால் தட்டினால் அடி லிங்கேஜில் விழும். அந்தப் பிளாஸ்டிக் மூடியின் விலையைக் கேட்டால், புல்லர் மலிவு என்று நீங்களே சொல்வீர்கள்.

இனி, பலரும் சறுக்கும் இடம். வைப்பரை ஓடவிட்டு, லீவரால் நிறுத்துங்கள். சாவியால் நிறுத்தக் கூடாது. லீவரால் நிறுத்தினால்தான் மோட்டார் தன் வீட்டு நிலைக்கு, அதாவது ஓய்வெடுக்கும் இடத்துக்கு, திரும்பி நிற்கும். சாவியைப் பாதியில் அணைத்தால் பல கார்களில் கை நடுவழியிலேயே நின்றுவிடும். அங்கே வைத்துக் கோணத்தைச் சரிசெய்தால், அடுத்த முறை ஓடும்போது கை பானட்டில் மோதும். இன்னொரு வம்பும் உண்டு. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் சில கார்களில், ரப்பர் ஒரே பக்கம் மடிந்து கிடக்காமல் இருக்க, மோட்டார் சில தடவை கையைச் சற்றே மேலே நிறுத்தும். அது கோளாறு இல்லை. நிறுத்தும் இடம் தடவைக்குத் தடவை மாறுகிறதா என்று பலமுறை ஓட்டி நிறுத்திப் பாருங்கள். மாறினால், தாழ்ந்த நிலையைக் கணக்கில் எடுங்கள். பிளேடு மாற்றுவதற்காக உள்ள சர்வீஸ் நிலையில் வைத்தும் அளக்காதீர்கள். மழை சென்சார் இருந்தால் லீவரைத் தானியங்கி நிலையிலிருந்து எடுத்துவிட்டு, சாவியையும் எடுத்துவிடுங்கள். ஈரத்துணி பட்டதும் வைப்பர் தானாக ஓடினால் விரல் மாட்டிக்கொள்ளும்.

பிளேடு இப்போது கிடக்கும் இடத்தையும், அது கிடக்க வேண்டிய இடத்தையும் டேப் ஒட்டிக் குறியுங்கள். சில கார்களில் கண்ணாடியின் கீழோரத்திலேயே சிறு புள்ளியோ கோடோ இருக்கும். இல்லையென்றால் மேனுவலில் விளிம்பிலிருந்து மில்லிமீட்டர் கணக்கு இருக்கும். கைக்கு அடியில் துண்டை மடித்து வையுங்கள். ஸ்பிரிங் விசையில் கை விடுபட்டு அடித்தால் கண்ணாடி கீறும், சில சமயம் விரிசலே விடும்.

நட்டை முழுதாகக் கழற்றாமல், தண்டின் முனைக்குச் சமமாக வரும்வரை மட்டும் தளர்த்துங்கள். மரை நசுங்காது, கையும் துள்ளி எழாது. புல்லரின் நடு போல்ட்டை மெதுவாக முறுக்கினால் 'டக்' என்று விடுபடும். திசையன்விளைப் பக்கம் ஓடும் கார்களில் தேரியின் செம்மணல் தூசு பற்களில் இறுகியிருக்கும். துரு இளக்கும் எண்ணெய் அடித்துக் காத்திருங்கள். பிறகு கண்ணாடியை ஷாம்பூ நீரால் கழுவுங்கள். எண்ணெய் பட்ட ரப்பர் புகைமூட்டம் போலத் தடம் விடும்.

விடுபட்ட பின் நட்டைக் கழற்றிக் கையைத் தூக்கியதும் தண்டில் நெருக்கமான பற்கள் தெரியும். டூத்பிரஷால் தூசைத் தட்டுங்கள். பல கார்களில் கை அலுமினியம், தண்டு எஃகு. தளர்ந்த நட்டுடன் ஓட்டினால் அலுமினியப் பல்தான் மழுங்கும். டேப் குறிக்கு நேராகப் பிளேடைப் பிடித்து, கையை அழுத்தி மாட்டி, நட்டை முறுக்குங்கள். ஒரு பல் தள்ளினாலும் பிளேடு நுனியில் விரற்கடை கணக்கில் மாறும். முறுக்கும்போது வைப்பர் கை திரும்பிவிடாமல் மறு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். மேனுவலில் உள்ள டார்க் (முறுக்குவிசை) அளவே எல்லை.

கண்ணாடியை நன்றாக நனைத்தே சோதியுங்கள். காய்ந்த கண்ணாடியில் ரப்பர் துள்ளும். சாரல் போன்ற கொஞ்ச ஈரத்திலும் சில சமயம் துள்ளும். அதை வைத்துக் கோணத்தை மாற்ற வேண்டாம்.

பின்சேர்க்கை: வள்ளியூர் வாசகர் ஒருவர், மெதுவான வேகத்தில் சரியாக இருக்கும் வைப்பர், வேகத்தைக் கூட்டினால் ஓரத் தூணில் தட்டுகிறது என்று எழுதியிருந்தார். வேகம் கூடினால் கையின் வீச்சும் சற்று அகலும். ஆகவே தண்ணீர் ஊற்றிக்கொண்டே அதிவேக நிலையிலும் ஓட்டிப் பாருங்கள். தூணைத் தட்டினால் நட்டைத் தளர்த்தி ஒரு பல் கீழே இறக்குங்கள். இறக்கிய பின் கை பானட்டைத் தொடாமல் கிடக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.